ஜோடி தப்பிய பூட்ஸ்

ஆறு குளிர்காலமாய் இந்த மரக்கொட்டகையில்
அந்நியர் பாதங்களுக்கு நான்தான் கணக்கு.
ஜோகன்னஸ்பர்க் டாக்டர் இருபத்தெட்டு,
அவர் மனைவி இருபத்து நான்கு, குதிகால் ஒடுக்கம்.
யார் வலியை மறைக்கிறார், யார் அளவைக் குறைத்துச் சொல்கிறார்,
சாக்ஸ் இழுத்துவிடும் விதத்திலேயே தெரிந்துவிடும்.
மாலையில் பூட்ஸுகளைக் கவிழ்த்து உலர்த்துவேன்.
எத்தனை பணம் வந்து நுழைந்தாலும்
உள்ளே ஒரே வாடைதான்.

செப்டம்பர். பருவத்தின் கடைசி ஞாயிறு.
வேலையாட்களின் குடும்பத்துக்கு இன்று இலவசம்.
மலூட்டி மலை முழுக்கப் பழுப்புப் புல்;
நடுவே இயந்திரம் துப்பி வைத்த ஒற்றை வெள்ளைக் கீற்று,
கிழிந்த மாவு மூட்டையோடு வண்டி போன தடம் மாதிரி.
ஓரத்தில் போர்வை போர்த்திய இடையர்கள்
ஆடுகளைப் புல்லுக்கு விட்டுவிட்டு
கண்ணால் எங்களை மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

மகள் கௌஹெலோ இருபத்திரண்டரை.
சின்னவன் ட்லோட்லிசோ பதினெட்டு.
பார்க்காமலே எடுத்து வைத்தேன்.
மொகெட்டே முன்னால் மண்டியிட்டபோதுதான்
கை அலமாரியில் நின்றுவிட்டது.
பன்னிரண்டு வருடம் முன்பு மணந்தவன்.
வருடத்தில் பதினோரு மாதம்
எல்லைக்கு அப்பால், தரைக்குக் கீழே இருப்பவன்.
அவன் கால் அளவு எனக்குத் தெரியாது.

"இருபத்தேழரை," என்றான்,
கம்பெனி கொடுத்த ரப்பர் பூட்ஸை நினைத்து.
இடது கால் சொன்னபடி போனது.
வலது போகவில்லை.
சாக்ஸைக் கழற்று என்றேன். வேண்டாம் என்றான்.
பின்னால் சமையற்காரர் வீட்டார் வரிசையில்.
நானே உருவினேன்.

இரண்டு விரல்கள் ஒன்றாய் ஒட்டி,
புறங்காலில் எலும்பு ஒரு கூழாங்கல்லாய்.
"கல் விழுந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம்."
வந்த விடுமுறையெல்லாம்
குளிர் என்று சொல்லி சாக்ஸோடே படுத்தவன்.
ஒன்றும் கேட்கவில்லை. அளவுப்பலகையில் வைத்தேன்.
இருபத்தொன்பது.

அடித்தட்டில் ஒரு பெட்டி உண்டு:
ஜோடி தொலைந்தவை, கொக்கி உடைந்தவை,
கொடுக்கக் கூடாது, எறிய மனம் வராது.
அதற்குள் ஒரு பச்சை வலதுகால் இருந்தது.
ஒரு கால் நீலம், ஒரு கால் பச்சை.
எழுந்து நின்று தன்னையே குனிந்து பார்த்தான்.
"யாரோ இரண்டு பேர் நிற்கிறார்கள்," என்றான்.

கற்றுக்கொடுக்க ஆளில்லை.
ஜன்னல் வழியே ஆறு வருடம் கேட்ட பாடம்தான்:
முட்டியை மடக்கு. முனைகளைச் சேர்.
நம் கொடியில் இருக்கிறதே தொப்பி, அந்த வடிவம்.
சொல்லி முடிக்குமுன் முதலில் விழுந்தது நான்.
கௌஹெலோ மூன்று முறை விழுந்து,
நான்காம் முறை யார்மீதென்று தெரியாத கோபத்தில்
பலகைகளைத் தோளில் போட்டு நடந்தே ஏறினாள்.
சின்னவனுக்குத் திருப்பமும் கிடையாது, பயமும் கிடையாது.
நேரே வந்தான், பனி முடிந்த இடத்திலும் நிற்காமல்
புல்லில் புகுந்து ஒரு கடாவின் வயிற்றில் போய் நின்றான்.
இடையன் அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி
மெதுவாகக் கேட்டான்:
"இதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?"

மொகெட்டே மட்டும் உச்சியில் நின்றுகொண்டே இருந்தான்.
கூண்டில் மூன்று கிலோமீட்டர் இறங்கிப் பழகியவன்.
"என்ன பயம்?" என்று கத்தினேன்.
"கீழே என்ன இருக்கிறதென்று தெரிகிறதே!"
பிறகு வந்தான்.
நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்,
தொப்பி விரிந்து, கிழிந்து, கால்கள் ஆளுக்கொரு ஊர் போக,
பக்கவாட்டில் சாய்ந்து என் காலடியில் வந்து சேர்ந்து
வாய் நிறையப் பனியோடு சிரித்தான்.
இடையர்கள் கை தட்டினார்கள். ஆடுகள் நகர்ந்தன.

அன்றிரவு சாக்ஸ் இல்லாமல் படுத்தான்.
அந்த வலதுகால்
என் கெண்டைக்காலில் பனிக்கட்டியாய் வந்து ஒட்டியது.
"எடு!" என்று கத்தினேன்.
எடுக்கவில்லை.